சும்மா கிடக்கும் நிலம் என்ன சம்பாதிக்கிறது? சேலத்து ஏரிகளையும் சேர்வராயன் மலையையும் வைத்து ஒரு கணக்கு

ஏரியைத் தூர் வாரவும் கரையைப் பலப்படுத்தவும் இத்தனை கோடி ஒதுக்கீடு என்று நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் சேலத்தில் ஒரு கேள்வியும் கூடவே எழுகிறது. ஊருக்குள் ஐம்பது அறுபது ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதன் ஓரத்தில் கொஞ்சம் மனை பிரித்தால் பத்திரப் பதிவில் வருமானம், வீடு கட்டினால் சொத்து வரி, கடை வந்தால் பத்துப் பேருக்கு வேலை. அப்படியிருக்க, சும்மா கிடப்பதற்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்பதே அந்தக் கேள்வி. இதைக் கேட்பவர்கள் எல்லோரும் ஏரியை விழுங்கக் காத்திருப்பவர்கள் அல்லர். வரவும் செலவும் பார்த்துக் குடும்பம் நடத்தும் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். ஆகவே பொருளாதாரக் கணக்கிலேயே இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எவற்றையெல்லாம் திறந்தவெளி என்கிறோம்?

பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அதைவிடப் பெரிய பரப்பு. சேலத்தைப் பொறுத்தவரை நான்கு வகைகளைச் சொல்லலாம்.

1. ஏரிகளும் அவற்றுக்கு வரும் ஓடைகளும். கன்னங்குறிச்சி மூக்கனேரி, புது ஏரி, அம்மாபேட்டை குமரகிரி ஏரி, பள்ளப்பட்டி ஏரி, ஊருக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி ஏரி ஆகியவை இந்த வகை. ஏரியின் நீர்ப்பரப்பு மட்டும் போதாது. ஓடைப் புறம்போக்கும் சேர்ந்தால்தான் ஏரி.

2. ஊரைச் சுற்றியுள்ள மலைகளும் கரடுகளும். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை.

3. சேர்வராயன் மலை. காப்புக்காடு, நிழல்மரங்களுக்கு அடியில் காப்பி வளரும் தோட்டங்கள், மலையாளி பழங்குடியினரின் வயல்கள் எல்லாம் இதில் அடங்கும்.

4. மனைப்பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்படும் துண்டு நிலங்கள்.

நான்கையும் ஒரே கணக்கில் வைக்கக் காரணம் தண்ணீர். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கன்னங்குறிச்சி ஏரிகளுக்கு வருகிறது. திருமணிமுத்தாறாக நகரத்தை ஊடறுத்துக் கடைசியில் காவிரியில் சேர்கிறது. மேலே ஒரு சரிவில் நடப்பது கீழே ஒரு தெருவின் வரவு செலவைத் தொடுகிறது.

தவிர்த்த செலவு: ஒரு ஏக்கர், பத்து சென்டிமீட்டர் மழை

இயற்கை நமக்குச் செய்துதரும் வேலைகளைப் பொருளாதாரத்தில் சூழலியல் சேவைகள் என்கிறார்கள். மழைநீரைத் தேக்குவது, வடிகட்டுவது, மண்ணைப் பிடித்துவைப்பது, காற்றைக் குளிர்விப்பது போன்றவை. இவற்றுக்குச் சந்தையில் விலை இல்லாததால், அந்த வேலையை மனிதர் செய்வதானால் என்ன செலவாகும் என்று பார்த்து மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அதற்குத் தவிர்த்த செலவு என்று பெயர். 1997இல் ராபர்ட் காஸ்டான்சாவும் உடன் ஆய்வாளர்களும் உலகம் முழுமைக்கும் இப்படி மதிப்பிட்டு, ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம் கோடி டாலர் என்ற எண்ணை வெளியிட்டார்கள். அந்தப் பெரிய எண் அன்றிலிருந்து இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது. நமக்கு அது வேண்டாம். ஒரு ஏக்கரை எடுத்துக்கொள்வோம்.

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதன்மேல் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ நான்கு லட்சம் லிட்டர். நிலம் புல்லும் புதருமாக இருந்தால் அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும், மிச்சம் மெதுவாக நகரும். அதே ஏக்கரைக் கான்கிரீட்டும் தாரும் மூடியிருந்தால் பெரும்பகுதி உடனே சாக்கடைக்கு ஓடும். ஐம்பது ஏக்கர் மனைப்பிரிவு என்றால் இரண்டு கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் முன்பு போன வழி வேறு, நேரம் வேறு. இப்போது அதைக் கொண்டுபோக அகலமான வடிகால் வேண்டும். வடிகாலைக் கட்டுவது மனை விற்றவர் அல்லர். மாநகராட்சி, அதாவது வரி கட்டும் எல்லோரும்.

ஏரி செய்வது இதற்கு நேர்மாறான வேலை. மூக்கனேரியின் பரப்பு சுமார் 58 ஏக்கர். சராசரியாக ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 23 கோடி லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 19,500 லோடு. ஏரிக்குள் இருக்கும் மண்திட்டுகளையும் ஆழம் குறைந்த இடங்களையும் வெயிலில் ஆவியாகிப் போவதையும் கழித்துப் பாதியை மட்டும் வைத்துக்கொள்வோம். அப்போதும் 9,500 லோடுக்குக் குறையாது. கோடையில் உங்கள் தெருவுக்கு வந்த லாரிக்கு என்ன விலை கொடுத்தீர்களோ, அதை இந்த எண்ணால் பெருக்கிப் பாருங்கள். ஒரே ஒரு முறை நிரம்பியதற்கான மதிப்பு அது.

இந்த ஏரி குப்பையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்து, 2010 முதல் சேலத்துக் குடிமக்களின் முயற்சியால் மீட்கப்பட்டது. அள்ளிய வண்டலைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள்; பறவைகள் வந்தன. பறவைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, வெட்டிய ஆழத்தில் கூடுதலாக நிற்கும் தண்ணீர்.

பாறை மேல் அமர்ந்திருக்கும் ஊர்

ஏரித் தண்ணீரின் மதிப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. சேலத்தில் அது அதிகம். காரணம் அடியில் இருக்கும் பாறை. சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளின் மேல் இந்த மாவட்டம் அமைந்திருக்கிறது. ஆற்றுப்படுகை மணலைப் போல இவற்றுக்குள் தண்ணீர் பரவி நிற்காது. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கும். அந்த வெடிப்புகள் நிரம்ப வேண்டுமானால் மேலே ஏதோ ஓரிடத்தில் தண்ணீர் பல வாரங்கள் தேங்கியிருக்க வேண்டும். ஏரிகள் இருப்பது அதற்குத்தான்.

ஏரி போனால் என்ன ஆகும் என்பது திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். முன்பு சேலம் மாவட்டத்தோடு இருந்த அந்த ஊரிலிருந்துதான் இந்தியா முழுவதற்கும் போர்வெல் வண்டிகள் போகின்றன. போர் போடுவதற்கு அடிக்கணக்கில் கூலி. ஆழம் போகப்போக அடிக்கான விலையும் ஏறும். கிணற்றில் நாற்பது அடியில் கிடைத்த தண்ணீருக்கு எண்ணூறு அடி துளைப்பவர் முதலில் துளைக்கும் கூலி தருகிறார், பிறகு கூடுதல் குதிரைத்திறன் மோட்டார் வாங்குகிறார், அதன்பின் ஒவ்வொரு மாதமும் மின்கட்டணம் கட்டுகிறார். ஏரி இழப்புக்கான செலவு இப்படி ஆயிரக்கணக்கான வீடுகளின் தனிக்கணக்கில் சிதறிப்போவதால் எந்த அரசுக் கோப்பிலும் அது ஒரே தொகையாகத் தெரிவதில்லை.

ஊர் அளவிலும் இதே கதைதான். பனமரத்துப்பட்டி ஏரி 1911இல் சேலத்துக்குக் குடிநீர் தருவதற்கென்றே அமைக்கப்பட்டது. ஜருகுமலை, போதமலைப் பக்கத்து மழை அதற்கு ஆதாரம். பின்னாளில் அந்த ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக வளர்ந்தது. நகரம் மேட்டூர்க் காவிரித் தண்ணீரை நம்ப ஆரம்பித்தது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டத்தைவிடச் சேலம் உயரத்தில் இருக்கிறது. ஆகையால் அந்தத் தண்ணீரைக் குழாயில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நாளும் மின்சாரம் வேண்டும். பெருகிவிட்ட நகரத்துக்குப் பனமரத்துப்பட்டி மட்டும் போதாது என்பது உண்மை. ஆனால் அருகில் இருந்த ஆதாரத்தைக் கைவிட்டபின் தொலைவிலிருந்து பம்ப் செய்யும் செலவு நிரந்தரச் செலவாகிவிட்டது.

மலைச்சரிவு என்னும் சுத்திகரிப்பு நிலையம்

நீர்ப்பிடிப்பு நிலத்தைக் காப்பது லாபமா என்ற கேள்வியை உலகில் மிகத் தெளிவாகக் கணக்குப் போட்டுப் பார்த்த நகரம் நியூயார்க். அதன் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில், டெலவர் மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது. 1990களில் நீர்த் தரம் பற்றிய விதிகள் கடுமையானபோது நகரத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வடிகட்டும் நிலையம் கட்டுவது. மதிப்பீடு 600 முதல் 800 கோடி டாலர். மற்றது, மலையில் நிலம் வாங்கிக் காப்பது, அங்குள்ள விவசாயிகளுக்கும் ஊர்களுக்கும் பணம் கொடுத்துக் கழிவு ஆற்றில் கலக்காமல் பார்த்துக்கொள்வது. அதற்குச் சுமார் 150 கோடி டாலர். 1997இல் நகரம் இரண்டாவது வழியில் ஒப்பந்தம் செய்துகொண்டது.

சேர்வராயன் மலை சேலத்துக்கு அவ்வளவு நேரடியான குடிநீர்த் தொட்டி அன்று. இங்கே மலை செய்யும் பெரிய வேலை வெள்ளத்தைத் தாமதப்படுத்துவது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்மாவட்டங்களைக் கடந்தபோது அந்த மலைமேல் உள்ள ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கீழே திருமணிமுத்தாற்றில் வெள்ளம் போனது. இவ்வளவு மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்காது. காடு இருந்திருந்தால் வெள்ளமே வந்திருக்காது என்று சொல்வது பொய். ஆனால் வேர் பிடித்த சரிவுக்கும், சொகுசு விடுதி கட்ட ஜே.சி.பி. வைத்து நிமிர்த்தி வெட்டிய சரிவுக்கும் வேறுபாடு உண்டு. வெட்டிய மண் சாலையில் விழுந்தால் அகற்றுவது நெடுஞ்சாலைத் துறை. ஓடையில் விழுந்தால் வண்டலாக ஏரிக்கு வரும். தூர் வாருவது மாநகராட்சியோ நீர்வளத் துறையோ. விடுதியின் லாப நட்டக் கணக்கில் இந்த இரண்டு செலவும் இருக்காது.

ஏற்காட்டின் வருமானம் எதிலிருந்து வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், நிழல், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது கண்ணில் படும் பச்சை. பயணி அறைக்கும் உணவுக்கும் பணம் தருகிறார். ஆனால் அவரை மேலே இழுத்து வந்தவை இவை. மே மாதக் கோடை விழாவுக்கு வரும் கூட்டம் சிமெண்ட் கட்டடம் பார்க்க வருவதில்லை.

மனை விலைக்குள் இருக்கும் ஏரி

திறந்தவெளிக்குச் சந்தை விலை இல்லை என்று மேலே சொன்னேன். மறைமுகமாக ஒரு விலை உண்டு. ஏற்காடு அடிவாரம் பக்கம் மனை விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் தெரியும். "மலை அடிவாரத்தில் இயற்கைச் சூழலில்", "ஏரிக்கரை அருகில்" என்று எழுதி, அதற்கென்று சதுர அடிக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். ஒரே அளவு, ஒரே மாதிரிச் சாலை உள்ள இரண்டு மனைகளில், திறந்தவெளிக்கு அருகே இருப்பதற்கு எவ்வளவு கூடுதல் விலை கிடைக்கிறது என்று பிரித்தெடுப்பது பொருளாதார ஆய்வாளர்களின் வழக்கமான முறை. அதை அருகாமை மதிப்பு எனலாம்.

இதன் பழைய எடுத்துக்காட்டு நியூயார்க் சென்ட்ரல் பார்க். அதைச் சுற்றியிருந்த மூன்று வார்டுகளின் சொத்து மதிப்பு 1856க்கும் 1873க்கும் இடையே 2.64 கோடி டாலரிலிருந்து 23.6 கோடி டாலராக ஏறியது என்று அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஓம்ஸ்டெட் கணக்குக் காட்டினார். நகரம் முழுவதுமே அப்போது வளர்ந்துகொண்டிருந்ததால் இந்த ஏற்றம் முழுவதையும் பூங்காவின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும் பூங்காவுக்கு வாங்கிய கடனின் வட்டியைக் கூடுதல் சொத்து வரியே ஈடுகட்டியது என்பது அவர் வாதம்.

நம் ஊரில் விபரீதம் என்னவென்றால், ஏரியால் வரும் கூடுதல் விலை மனை விற்பவருக்குப் போகிறது. ஏரியைப் பராமரிக்கும் செலவு பொதுமக்களுக்கு வருகிறது. எல்லா மனைகளும் விற்றுத் தீர்ந்து, சாக்கடையும் ஏரிக்குள் இறங்கிய பிறகு, கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர் நாற்றத்துக்குச் சன்னலைச் சாத்திக்கொள்கிறார்.

வீடு வந்தால் வரி வருமே?

வரும். செலவும் வரும். ஒரு வீட்டுக்குச் சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், குப்பை வண்டி, பாதாளச் சாக்கடை எல்லாம் வேண்டும். அமெரிக்காவில் விளைநிலங்களைக் காக்கும் அமைப்பு ஒன்று பல ஊர்களின் கணக்கைத் தொகுத்தபோது, குடியிருப்பிலிருந்து வரும் ஒவ்வொரு டாலர் வருவாய்க்கும் ஊர் செலவழிப்பது சராசரியாக ஒரு டாலருக்கு மேல் என்றும், விளைநிலமும் திறந்தவெளியும் தரும் ஒரு டாலருக்கு ஊர் செலவழிப்பது அரை டாலருக்கும் குறைவு என்றும் தெரிந்தது. அங்குள்ள வரி முறை வேறு. பள்ளிக்கூடச் செலவும் அங்கே உள்ளூர் வரியில் அடங்கும். ஆகவே அந்த விகிதத்தை அப்படியே சேலத்துக்குக் கொண்டுவர முடியாது. கேள்வியைக் கொண்டுவரலாம்: ஊரோரத்தில் புதிதாக வந்த ஒரு நகர், அது கட்டும் சொத்து வரியைவிட அதிகமாகக் கேட்கிறதா? எந்த வார்டு உறுப்பினரும் மாமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்விதான் இது.

சட்டம் எங்கே நிற்கிறது?

1. மனைப்பிரிவு ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவற்றில், இடம் ஒதுக்க இயலாதபோது வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டவும் வழியுண்டு. பணம் கட்டிய இடத்தில் மண் கிடைக்காது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட இடமும் மழைக்கு இறங்க இடமும் இல்லாமல் போகும்.

2. நீர்நிலைகள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தனிச் சட்டம் வந்தது. ஊர்ப் பொதுநிலங்களைத் தனியாருக்கு முறைப்படுத்தித் தருவதை 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

3. மலை. ஏற்காடு, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. 1990 முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. கட்டட அனுமதிக்கு முன் வனம், வேளாண்மை, கனிமவளம் ஆகிய துறைகளின் கருத்தும் தேவைப்படுவது இதனால்தான்.

இழப்பீட்டில் இருக்கும் ஓட்டை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2018இல் அறிவிக்கப்பட்ட சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையின் நீளம் 277 கிலோமீட்டர். நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முதற்கட்ட அறிவிக்கைகள் செல்லும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நின்றாலும் ஒன்றைக் கவனிக்கலாம். இழப்பீட்டுப் பட்டியலில் நிலத்துக்குத் தொகை உண்டு, கிணற்றுக்கு உண்டு, தென்னைமரத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று உண்டு. அந்த நிலம் பக்கத்துக் கிணறுகளுக்கு ஊட்டிய தண்ணீருக்குப் பட்டியலில் இடம் கிடையாது, ஏனென்றால் பக்கத்துக் கிணற்றுக்காரர் நிலம் எதையும் இழக்கவில்லை.

மறுபக்கம்

திறந்தவெளி எப்போதும் வெல்லும் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. ஊருக்கு வடக்கே வெள்ளைக்கல் என்னும் மேக்னசைட் வெட்டிய நிலம் பல தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கிறது. நகரத்துக்கு வீடுகளும் வேண்டும். நிலத்தையெல்லாம் பூட்டிவைத்தால் மிச்சமிருக்கும் மனையின் விலை ஏறி ஏழைதான் வெளியே போவார். ஏரிக்கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லிக் குடிசைகளை முதலில் அகற்றி, மதில் சுவர் கட்டிய பெரிய ஆக்கிரமிப்பை விட்டுவைப்பது தமிழ்நாட்டில் புதிதும் அல்ல. அந்தக் குடும்பங்களின் இடப்பெயர்வுச் செலவையும் எழுதாமல் போடும் கணக்கு நேர்மையானதாகாது. ஏரிக்குள் கல் பதித்த நடைபாதையும் செயற்கை நீரூற்றும் வைப்பதைச் சீரமைப்பு என்று நான் ஏற்பதில்லை. தண்ணீர் கொள்ளும் இடம் அதனால் குறைகிறது.

மலையில் இருப்பவருக்கு யார் கொடுப்பது?

கணக்கில் தீராமல் நிற்கும் இடம் இதுதான். சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர், மரத்தை வெட்டாமல் இருப்பதால் கீழே சேலத்துக்கு ஒரு நன்மை செய்கிறார். காப்பி விலை சரிந்த ஆண்டில் விடுதி கட்ட நிலம் கேட்டு ஒருவர் வந்தால், தோட்டக்காரருக்கு மறுத்துச் சொல்ல என்ன காரணம் இருக்கிறது? தடைச்சட்டம் மட்டும் போதாது.

மத்திய அரசு மாநிலங்களுக்கு வரிப் பங்கைப் பிரித்துத் தரும்போது காடுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில், 14ஆவது நிதிக்குழு தன் அளவுகோல்களில் காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை தந்தது. 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு அதை 10 சதவீதமாக்கியது. ஆனால் மாநிலம் ஊராட்சிகளுக்குப் பிரித்துத் தரும்போது மக்கள்தொகையே முதன்மையான அளவுகோல். காடு அதிகமாகவும் ஆட்கள் குறைவாகவும் உள்ள மலை ஊராட்சிக்கு இதில் இழப்புதான்.

கோஸ்டாரிகா 1997 முதல் காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணம் தருகிறது. எரிபொருள் வரியில் ஒரு பகுதி அதற்குப் போகிறது. இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரில் இதைவிடச் சிறிய, நமக்கு நெருக்கமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அந்த நகராட்சிக்குக் குடிநீர் தரும் ஊற்று, மேலே உள்ள கிராமங்களின் காட்டில் இருக்கிறது. 2010இல் நகராட்சியும் கிராமக் காட்டுக் குழுவும் ஒப்பந்தம் செய்துகொண்டன: குழு காட்டைப் பார்த்துக்கொள்ளும், நகராட்சி ஆண்டுதோறும் ஒரு தொகை தரும். தொகை பெரிதில்லை, பத்தாயிரம் ரூபாய் அளவில்தான். ஆனால் மேட்டில் இருப்பவருக்குப் பள்ளத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு என்பதை ஒரு நகராட்சி தன் கணக்குப் புத்தகத்தில் எழுதியது. சேலம் மாநகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மழைநீர் வடிகாலுக்கு ஒரு தலைப்பும் ஏரிச் சீரமைப்புக்கு ஒரு தலைப்பும் இருக்கின்றன; அவற்றுக்குப் பக்கத்தில், அந்த ஏரிகளுக்குத் தண்ணீர் அனுப்பும் ஏற்காட்டு ஊராட்சிகளின் பெயரில் ஒரு தலைப்பைத் திறக்கலாம்.